முதுகு மண்ணில் பட்ட வண்டுகள்

கராலீவோ என்ற தங்கள் ஊரின் பெயரை ஒரு வண்டுக்கு வைக்கப்போகிறார்கள் என்ற செய்தி முதலில் வந்து சேர்ந்தது தோப்ரிக்குத்தான். எதற்காக என்று அவன் ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம். பெருமை வருகிற நேரத்தில் கேள்வி கேட்கிற பழக்கம் அவனுக்கு என்றைக்குமே இருந்ததில்லை.

அக்டோபர் மாதம், சூரியகாந்தி அறுவடை எல்லாம் கிடங்குக்கு வந்து முடிந்த வாரம். போன் செய்தவள் நேதா. பூச்சி ஆராய்ச்சி நிலையத்தில் வேலை பார்ப்பவள். ஆகஸ்ட் கடைசியில் வந்து, கூட்டுறவுச் சங்கத்தின் மூன்றாம் குதிரில் கைவிட்டு, ஒரு பாட்டில் நிறையக் கோதுமை வண்டு பிடித்துக்கொண்டு போயிருந்தாள்.

“தோப்ரி ஐயா, அந்த வண்டை வச்சு ஒரு கட்டுரை எழுதறோம். எந்த ஊர்ல பிடிச்சமோ அந்த ஊர் பேரைத்தான் அதுக்கு வைக்கிறது வழக்கம். கராலீவோன்னு போட்டுக்கலாமா?”

“தாராளமா போட்டுக்கோம்மா! வெளிநாட்டுக்காரனெல்லாம் படிப்பானா?”

“படிப்பாங்க ஐயா,” என்றாள். அவள் குரலில் ஒரு தயக்கம் இருந்தது. தோப்ரியின் காது அதற்குள் சாராயக் கடைக்குக் கிளம்பிவிட்டது.

கடையில் அன்றைக்கு அவன்தான் எல்லோருக்கும் ராக்கியா என்கிற பழச்சாராயம் ஊற்றினான். ஆளாளுக்குக் கோப்பையைத் தூக்கினார்கள். “நம்ம மேயருக்கே கிடைக்காத மரியாதை, வண்டுக்குக் கிடைச்சிருக்கு பாரு,” என்றான் கடைக்காரன். “மேயர் பேரு மாவட்டத்தையே தாண்டல. நம்ம வண்டு கடல் தாண்டுது,” என்றான் இன்னொருவன். ஷாகிர் மட்டும் கோப்பையைத் தொடவில்லை. அவன் குடிக்காதவன் என்பதால் அல்ல; அவன் குடிப்பான்.

“பேர் வைக்கிற அளவுக்கு அந்த வண்டு என்னடா பண்ணுச்சு?” என்று கேட்டான்.

“உனக்குப் பொறாமைடா,” என்று தோப்ரி அவன் முதுகில் ஒன்று போட்டான். கடையே சிரித்தது.

தோப்ரிக்கும் ஷாகிருக்கும் வயது ஐம்பத்தேழு. தோப்ரி மாதா கோயில் தெரு, ஷாகிர் மசூதித் தெரு. வாலிபத்தில் இருவரும் மல்லர்கள். ஒருவரையொருவர் எத்தனையோ தடவை மண்ணில் புரட்டிப் போட்டிருக்கிறார்கள். இப்போது சங்கத்தின் நான்கு இரும்புக் குதிர்களும் இவர்கள் கையில். குதிர் என்றால் வீட்டு மூலையில் நிற்கிற குதிர் இல்லை. தேவாலயக் கோபுரத்துக்குச் சரியாக நிற்கும், ஒவ்வொன்றும் ஆயிரம் டன் பிடிக்கும். கோதுமை உள்ளே வந்ததும் மாத்திரை போடுவது தோப்ரியின் வேலை. அந்த மாத்திரை கரைந்து வாயுவாகி, வண்டையும் அதன் முட்டையையும் கொல்லும். எத்தனை மாத்திரை போட்டது, எந்தத் தேதியில் மூடியது, எந்தத் தேதியில் திறந்தது என்று நீல அட்டைப் புத்தகத்தில் எழுதிக் கையெழுத்துப் போடுவதும் அவன்தான். ஷாகிரின் வேலை ஒட்டுவது. கதவு, காற்றுக்குழாய், கூரை இடுக்கு, ஆணி கழன்ற ஓட்டை என்று ஒன்று விடாமல் பிசின் பூசி, வெள்ளித்தாள் நாடா ஒட்டி, கட்டைவிரலால் அழுத்தித் தேய்த்துக்கொண்டே சுற்றி வருவான். அவன் ஒட்டிய குதிரிலிருந்து ஒரு மூச்சுக்கூட வெளியே போகாது. அவன் கட்டைவிரல் ரேகையே தேய்ந்துபோயிருந்தது.

பத்து நாள் மூடி வைக்க வேண்டும். மாத்திரை டப்பாவின் மேலேயே போட்டிருக்கிறது. மூடியிருக்கிற வரை பக்கத்தில் ஆள் நடமாட்டம் கூடாது. வந்தது வினை. குதிர்களை ஒட்டியிருக்கிற புல்வெளியில்தான் ஆகஸ்ட் பதினைந்தில் மாதா திருநாள், ஊர்த் திருவிழா, மல்யுத்தம் எல்லாம். கோதுமை வந்து, காய்ந்து, குதிர் நிறைவதற்கு எப்படியும் பத்தாம் தேதி ஆகிவிடும்.

பதினோரு வருடத்துக்கு முன்னால், இந்த மாத்திரை முதன்முதலாக வந்தபோது, சங்கத் தலைவர் மனோல் நல்லபடியாகத்தான் சொன்னார். “திருவிழாவைப் பள்ளிக்கூடத்துப் பக்கம் மாத்திக்கலாம்ப்பா. குதிர் மூடியே இருக்கட்டும்.”

பள்ளிக்கூட வளாகம் முழுக்கத் தார் போட்ட தரை. தாரில் மல்யுத்தம் நடக்காது. மல்யுத்தம் இல்லையென்றால் நடுவர் இல்லை. நடுவர் தோப்ரி. வருடத்தில் ஒரே ஒரு நாள், வெள்ளைச் சட்டை போட்டு, கழுத்தில் விசிலைத் தொங்கவிட்டுக்கொண்டு, நாலைந்து ஊர்க்காரர்கள் தன் கையையே பார்க்கும்படி அவன் நிற்கிற நாள் அது. யார் முதுகு மண்ணில் பட்டது, யார் முதுகு படவில்லை என்று அவன் சொன்னால் சொன்னதுதான். பரிசு ஆட்டுக்கடா வென்றவன் தோளுக்குப் போகும்போது, முக்கால்வாசிப் பெருமை தோப்ரிக்குப் போகும். அதை விட்டுக்கொடுக்க மனம் வரவில்லை.

“நான் பாத்துக்கறேன் தலைவரே,” என்றான்.

பார்த்துக்கொண்ட விதம் இதுதான். பத்தாம் தேதி மூடியதைப் பதினாலாம் தேதி காலையில் திறந்தான். நாள் குறைந்ததற்கு ஈடாக மாத்திரையை மூன்று பங்கு போட்டான். “ஆறு நாளு கம்மி, ரெண்டு பங்கு ஜாஸ்தி, தீர்ந்துது விஷயம்,” என்று ஷாகிரிடம் கண்ணடித்தான். புத்தகத்தில் மட்டும் மூடிய தேதியை ஆறு நாள் முன்னால் தள்ளி, நான்காம் தேதி என்று எழுதினான். எந்தக் குதிர் எப்போது நிறைந்தது என்று தலைவர் கணக்குப் பார்ப்பதில்லை; புத்தகத்தைத்தான் பார்ப்பார். ஷாகிர் நாடாவை உரிக்கும்போது ஒவ்வொரு வருடமும் முணுமுணுப்பான். “இன்னும் ஆறு நாள் இருக்கேடா. பாவம்டா இந்த ஒட்டு.” தோப்ரி சிரிப்பான்.

திறந்து காற்றாட விட்டதும், கோதுமையில் கைவிட்டுப் பத்திருபது வண்டை அள்ளி, வெள்ளைப் பீங்கான் தட்டில் பரப்புவான். எல்லாம் மல்லாந்து, காலை மடக்கிக்கொண்டு கிடக்கும். தட்டைத் தலைவர் மேசைக்குக் கொண்டுபோவான். மனோல் கண்ணாடியைத் தூக்கிக்கொண்டு குனிந்து பார்ப்பார். முதுகு பட்டாயிற்று, ஆட்டம் முடிந்தது. தோப்ரி தட்டை ஜன்னலுக்கு வெளியே கொட்டுவான். அரைமணி நேரம் கழித்து அந்த ஜன்னலுக்குக் கீழே என்ன நடந்தது என்று பதினோரு வருடத்தில் ஒரு நாள்கூட யாரும் எட்டிப் பார்க்கவில்லை.

நவம்பர் வந்தது. இறந்தவர்களுக்குக் கோதுமை அவித்துக் கல்லறைக்குக் கொண்டுபோகும் சனிக்கிழமைக்கு நான்கு நாள் இருந்தது. சங்கம் நிலத்துக்குக் குத்தகையாக வீட்டுக்கு வீடு கொடுத்திருந்த மூட்டைகளை அப்போதுதான் பெண்கள் பிரித்தார்கள். மிங்காவின் கணவன் வசந்தத்தில் இறந்துபோனவன். அவனுக்கு இதுதான் முதல் படையல். அவள் கோதுமையைத் தண்ணீரில் போட்டதும் பாதி மேலே வந்தது. ஓட்டை விழுந்த மணி, உளுத்த மாவு, அதற்கு நடுவே கறுப்புக் கறுப்பாக வண்டு. அவள் பாத்திரத்தோடு நேரே கிடங்குக்கு வந்துவிட்டாள்.

“தோப்ரி, என் புருசனுக்கு வைக்கிற கோதுமைல உன் வண்டு நீச்சலடிக்குது, வந்து பாரு. பேரு வச்சியே, கூப்பிட்டுப் பாரு, திரும்புதான்னு.”

அவன் பாத்திரத்தை எட்டிப் பார்த்தான். வண்டுகள் உயிரோடு இருந்தன. தண்ணீரில் தத்தளித்து, ஒரு மணியைப் பிடித்து அதன்மேல் ஏறி உட்கார்ந்தன. “வீட்ல ஈரமான இடத்துல வச்சிருப்பே மிங்கா,” என்று முனகினான். அவள் வீடு ஊரிலேயே துடைத்து வைத்த வீடு என்பது அவனுக்குத் தெரியும்.

மறுநாளைக்குள் ஊர் முழுக்க சல்லடை ஆட ஆரம்பித்துவிட்டது. மனோல் நேதாவுக்கு போன் போட்டார். வியாழக்கிழமை சாயங்காலம் வாசகசாலையில் கூட்டம்.

நேதா மேடையில் இரண்டு கண்ணாடிக் குப்பிகளை வைத்தாள். ஒவ்வொன்றிலும் முப்பது வண்டு. வெளியே வைத்தே இரண்டுக்கும் ஒரே அளவு வாயு ஏற்றி, இறுக மூடி எடுத்து வந்திருந்தாள்.

“இடது பக்கம் எங்க லேப்ல வளர்றது. மருந்தையே பாக்காத வண்டு. வலது பக்கம் உங்க கராலீவோ. இப்ப பாருங்க.”

ஊரே பெஞ்சை விட்டு எழுந்து முன்னால் வந்து நெருக்கியது. சில நிமிடத்தில் இடது குப்பியில் ஒன்று தள்ளாடியது. மல்லாந்தது. இன்னொன்று, பிறகு நாலைந்தாக. கால் மணிக்குள் அந்தக் குப்பியில் நிற்கிற வண்டு ஒன்றுகூட இல்லை. வலது குப்பியில் முப்பதும் சாவகாசமாக நடந்துகொண்டிருந்தன. ஒன்று கண்ணாடிச் சுவரில் ஏறக்கூடப் பார்த்தது.

“நம்மாளு நிக்கிறான்டா!” என்று பின்னாலிருந்து ஒரு குரல்.

“ஒருத்தன் முதுகுகூடப் படலை!”

“நடுவரே, விசில ஊது! கடாவைக் கொண்டா!”

வாசகசாலை குலுங்கியது. மூட்டை மூட்டையாகக் கோதுமை போனவர்கள்தான் சிரித்தார்கள். இந்த ஊர் அப்படி. தோப்ரியும் சிரிக்க முயன்றான். கோட்டுப் பையில் அவன் கை விசிலைப் பிடித்திருந்தது. இடது குப்பியில் மல்லாந்து கிடந்தவற்றையே அவன் கண் பார்த்துக்கொண்டிருந்தது. அவன் தட்டில் பரப்புவதும் இப்படித்தான் கிடக்கும்.

“செத்துப்போச்சாம்மா அது?” என்று கேட்டுவிட்டான்.

“இல்ல ஐயா. மயக்கம்தான். இப்பத் திறந்து காத்துல வச்சா பாதிக்கு மேல எழுந்துக்கும். ஒரேயடியா நிறைய வாயு குடுத்தா எந்தப் பூச்சியும், உங்க வண்டுகூட, மூச்சை அடக்கிட்டு மயங்கிடும். மயங்கினதை வாயு ஒண்ணும் பண்ணாது. இதுக்கு அளவை விட நாள்தான் முக்கியம். நாள் கணக்கா விடாம இருந்தாத்தான் சாவும், மணிக்குள்ள இருக்கிற முட்டையும் புழுவும் சாவும்.” அவள் வலது குப்பியைக் கையில் எடுத்தாள். “ஒவ்வொரு வருஷமும் அரைகுறையா மருந்து பட்டு, தப்பிச்சதோட குஞ்சு தப்பிச்சு, அதோட குஞ்சு தப்பிச்சு, இப்படி ஆயிருக்கு. இது ஒரு வருஷத்து வேலை இல்ல. பத்து வருஷமாவது ஆகும். இந்த நாட்டுல இவ்வளவு தாக்குப்பிடிக்கிற வண்டை நாங்க பாத்ததில்ல. அதனாலதான் பேர் வச்சோம்.”

சிரிப்பு நின்றது. எதற்குப் பெயர் வைத்தார்கள் என்று ஊருக்கு அப்போதுதான் உறைத்தது. கடையில் தோப்ரி ஊற்றியதைக் குடித்தவர்கள் தரையைப் பார்த்தார்கள்.

நேதா நீலப் புத்தகத்தைப் புரட்டினாள். “ஒண்ணு நாள் பத்தாம இருக்கணும், இல்லாட்டி வாயு கசிஞ்சிருக்கணும். இதுல எல்லா வருஷமும் பத்து நாள்னு இருக்கு.” தலையைத் தூக்கினாள். “தேதியெல்லாம் சரிதானே ஐயா?”

ஊர் அவனைப் பார்த்தது. வருடத்தில் ஒரு நாள் எந்தப் பார்வைக்காக அவன் உயிரை விட்டானோ, அதே பார்வை. ஒரு வார்த்தை போதும். நாலு நாள்தான்மா என்று சொன்னால் முடிந்தது. ஏன் என்று கேட்பார்கள். விசில் ஊதுவதற்கு என்று சொல்ல வேண்டும். நூற்றைம்பது பேருக்கு முன்னால், ஐம்பத்தேழு வயதில்.

“சரிதான்,” என்றான் தோப்ரி.

“அப்பக் கசிவுதான்,” என்று மனோல் எழுந்தார். “ஒட்டறது யாரு?”

யார் என்று எல்லோருக்கும் தெரியும். ஷாகிர் கடைசி வரிசையில் எழுந்து நின்றான்.

“ஒட்டறது நான்தான்,” என்றான். தோப்ரியைப் பார்த்தான். அது கோபமான பார்வைகூட இல்லை. பிடி போட்ட மல்லன் நடுவரைத் திரும்பிப் பார்ப்பானே, அப்படி ஒரு பார்வை. தோப்ரி குப்பியைப் பார்த்தான்.

“ஷாகிர், சாவிய வச்சிட்டுப் போப்பா. நீ இனிமே குதிர்ப் பக்கம் வர வேண்டாம்,” என்றார் மனோல்.

ஷாகிர் மேடை வரை நடந்து வந்து, சாவிக்கொத்தைக் குப்பிகளுக்குப் பக்கத்தில் வைத்தான். திரும்பிப் போகும்போது அவன் கோட்டு தோப்ரியின் கோட்டில் உரசியது. யாரோ ஒரு பெண், “இவனை நம்பிப் புள்ளைங்களுக்கு ரொட்டி சுட்டோமே,” என்றாள். தோப்ரியின் காது சுட்டது.

வீட்டில் அவன் மனைவி வேலிகா மொச்சை சூப்பை ஊற்றி வைத்தாள். எதிரே உட்காரவில்லை.

“திருவிழாவுக்கு மொத நாள் உன் சட்டைல பூண்டு அழுகின மாதிரி ஒரு நாத்தம் அடிக்கும்,” என்றாள் அடுப்பைப் பார்த்துக்கொண்டே. “குதிர் திறந்த நாத்தம். பதினோரு வருஷமா நான்தானே துவைக்கறேன்.”

“அதுக்கு?”

“அதுக்கு ஒண்ணுமில்ல. சாப்பிடு.”

அவன் சாப்பிடவில்லை.

வெள்ளிக்கிழமை காலையில் ஷாகிரைப் பார்த்துவிடுவது என்று கிளம்பினான். என்ன சொல்வது என்று வழியெல்லாம் ஒத்திகை பார்த்தான். மசூதித் தெரு திரும்பியதும் நின்றுவிட்டான். ஷாகிர் வீட்டு வாசலில் மூட்டைகள். ஊர்க்காரர்கள் தங்கள் வீட்டு வண்டுக் கோதுமையைக் கொண்டுவந்து அவன் வாசலில் போட்டுவிட்டுப் போயிருந்தார்கள். எண்ணினான். ஒன்பது. ஒன்றில் கரியால் “ஒட்டு” என்று எழுதியிருந்தது.

தோப்ரி திரும்பிப் போயிருப்பான். நிஜமாகவே ஒரு காலைத் திருப்பியும் விட்டான். அதற்குள் ஷாகிர் பார்த்துவிட்டான். வாசலில் குந்தி உட்கார்ந்து, ஒரு மூட்டையைப் பிரித்துச் சலித்துக்கொண்டிருந்தான்.

“கோழிக்காவது ஆவட்டும்னு பாக்கறேன்,” என்றான்.

தோப்ரி பக்கத்தில் போய் நின்றான். ஒத்திகை பார்த்த வார்த்தை எதுவும் வரவில்லை. “நேத்து நீயே சொல்லியிருக்கலாமேடா,” என்றான். சொன்னதும் தன் வாயைத் தானே அறைந்துகொள்ளலாம் போலிருந்தது.

ஷாகிர் சல்லடையை ஆட்டுவதை நிறுத்தினான்.

“நான் சொன்னா? புத்தகத்துல இருக்கறது உன் கையெழுத்து. அந்தப் பொண்ணு உன்கிட்டதானே கேட்டுச்சு. நடுவர் நீதானே. விசில் உங்கையிலதானே இருக்கு.”

“டேய், ஷாகிர்…”

“உரிச்சவன் நானும்தான். அதுக்கு எனக்கும் பங்கு உண்டு, அத நான் இல்லேங்கலை. ஆனா ஒட்டு கசிஞ்சுதுன்னு சொல்லாத. என்ன வேணா சொல்லு, அத மட்டும் சொல்லாத.” அவன் கட்டைவிரல் சல்லடை விளிம்பைத் தேய்த்துக்கொண்டிருந்தது. “எம் பொண்டாட்டி காலைல ரொட்டி வாங்கப் போனா. வெறுங்கையோட வந்துட்டா. என்ன சொன்னாங்கன்னு சொல்ல மாட்டேங்கறா.”

தோப்ரி அங்கிருந்து எப்படி வந்தான் என்று அவனுக்கே தெரியாது. வீட்டுக்குப் போகாமல் குதிர்ப் பக்கம் போனான். புல்வெளி காலியாகக் கிடந்தது. குதிரின் படியில் உட்கார்ந்து நேதாவுக்கு போன் போட்டான்.

“நாலு நாள்தாம்மா. எல்லா வருஷமும். பத்துன்னு பொய் எழுதினேன்.”

மறுமுனையில் நேதா அதை எழுதிக்கொள்ளும் சத்தம் கேட்டது. “நாலு நாள். மாத்திரை?”

“மூணு பங்கு.”

“அப்ப அந்த வண்டை வளத்து ஆளாக்கினது நீங்கதான் ஐயா,” என்றாள். அவள் குத்தலாகச் சொல்லவில்லை. அதுதான் அவனுக்குத் தாங்கவில்லை.

“ஒண்ணு கேக்கட்டுமாம்மா? அதுக்கு ஊர் பேர் வேண்டாம். என் பேர வச்சிடு. தோப்ரின்னு வச்சிடு.”

“ஆள் பேர் வைக்கிற வழக்கமில்ல ஐயா. அதுவுமில்லாம கட்டுரை அச்சுக்குப் போயிடுச்சு. நாள் கணக்க வேணா திருத்தி அனுப்பறேன். அது ரொம்ப முக்கியம். பத்து நாள் மூடியும் சாகலைன்னு எழுதியிருந்தோம். மத்த ஊர்க்காரங்க அத நம்பி வேற மருந்துக்குப் போயிருப்பாங்க.” நிறுத்தினாள். “அந்த ஒட்டறவர்கிட்ட யார் சொல்றது? தலைவர்கிட்ட நான் சொல்லட்டுமா?”

“வேண்டாம்மா. நான் சொல்றேன்.”

சனிக்கிழமை காலை ஊர் முழுக்கக் கல்லறைத் தோட்டத்தில் இருந்தது. மெழுகுவர்த்தி, திராட்சை ரசம், தட்டுத் தட்டாக அவித்த கோதுமை. பக்கத்து ஊரில் கடன் வாங்கியோ, ஒவ்வொரு மணியாகப் பொறுக்கியோ எப்படியோ அவித்திருந்தார்கள். பாதிரியார் ஒவ்வொரு கல்லறையாகப் பெயர் சொல்லி மந்திரித்துக்கொண்டு போனார். பெண்கள் எதிர்ப்பட்டவர் கையிலெல்லாம் ஒரு கரண்டி கோதுமை வைத்தார்கள். வாங்கியவர்கள் “கடவுள் மன்னிக்கட்டும்” என்று செத்தவருக்காகச் சொல்லி வாயில் போட்டுக்கொண்டார்கள்.

தோப்ரி கேட் அருகே நின்றான். தொண்டையைச் செருமினான். யாரும் திரும்பவில்லை. “கொஞ்சம் கேளுங்க,” என்றான். அதுவும் யார் காதிலும் விழவில்லை. கை தானாகவே பைக்குள் போய், தானாகவே விசிலை எடுத்து வாயில் வைத்தது. யோசித்திருந்தால் ஊதியிருக்க மாட்டான்.

விசில் சத்தம் கல்லறைத் தோட்டம் முழுக்கக் கிழித்துக்கொண்டு போனது. காக்கைகள் எழுந்தன. பாதிரியார் பெயரைப் பாதியில் நிறுத்தினார். ஊரே திரும்பிப் பார்த்தது. இத்தனை அசிங்கமாக அவன் வாழ்நாளில் எங்கும் நின்றதில்லை.

“ஒட்டு கசியல,” என்றான். மறுபடி சொன்னான். “ஷாகிர் ஒட்டினது ஒருநாளும் கசியல. நான்தான் நாலாம் நாளே திறந்தேன். பதினோரு வருஷமா. பத்து நாள்னு பொய் எழுதினேன். அவன் வேண்டாம்னு சொன்னான். நான் கேக்கல.”

“நாலாம் நாளா?” மனோலின் முகம் வெளுத்தது. “ஏன்யா? என்னத்துக்கு?”

இதற்குத்தான் அவன் பயந்தான். “மல்யுத்தத்துக்கு,” என்றான். “புல்வெளி வேணும்னு. நான் விசில் ஊதணும்னு.”

யாரும் சிரிக்கவில்லை. வாசகசாலையில் அத்தனை சிரித்தவர்கள், ஒருவர்கூட. சிரித்திருந்தால் கொஞ்சம் தேவலை என்று அவனுக்கு இருந்தது. வேலிகா தன் அம்மாவின் கல்லறைக்குப் பக்கத்தில் நின்றுகொண்டிருந்தாள். குனிந்து, அணைந்துபோன மெழுகுவர்த்தியை மறுபடி ஏற்றினாள்.

மிங்கா தட்டோடு அவன் முன்னால் வந்தாள். ஒரு கரண்டி கோதுமையை அவன் உள்ளங்கையில் வைத்தாள். வழக்கத்தை அவள் விடவில்லை. மணிகளுக்கு நடுவே ஓட்டை விழுந்தது ஒன்று தெரிந்தது.

“கடவுள் மன்னிக்கட்டும்,” என்றான் தோப்ரி.

“அது எம் புருசனுக்கு,” என்றாள் மிங்கா. “உனக்கு வேணும்னா மசூதித் தெருவுல போய்க் கேளு.”

போனான். வாசலில் மூட்டைகள் அப்படியே இருந்தன. இரவில் இன்னும் இரண்டு சேர்ந்து பதினொன்றாகியிருந்தது. ஷாகிர் கதவருகில் நின்றான்.

“விசில் சத்தம் இங்க வரைக்கும் கேட்டுது,” என்றான்.

“சொல்லிட்டேன்டா. எல்லார் முன்னாடியும் சொல்லிட்டேன்.”

“சரி.”

“மனோல் சாவியக் கொண்டுவருவாரு. நீயே மறுபடி…”

“ரெண்டு நாள் லேட்டு, நடுவரே,” என்றான் ஷாகிர். “ஆட்டம் முடிஞ்சு, ஊரே என் முதுகப் பாத்துட்டு வீட்டுக்குப் போயிடுச்சு.”

நாற்பது வருடமாக ‘டேய்’ என்று கூப்பிட்டவன். கதவை மெதுவாகத்தான் சாத்தினான், தாழ்ப்பாள் போடும் சத்தம் மட்டும் கேட்டது.

தோப்ரி கொஞ்ச நேரம் அங்கேயே நின்றான். பிறகு குனிந்து, கரியால் எழுதியிருந்த மூட்டையை முதலில் தூக்கி முதுகில் போட்டான். ஐம்பது கிலோ. கோயில் தெருவில் தன் வாசல் வரை சுமந்து கொண்டுபோய், எழுத்து தெருவைப் பார்க்கும்படி நிமிர்த்தி வைத்தான். திரும்பி வந்து இரண்டாவதைத் தூக்கினான். கல்லறைத் தோட்டத்திலிருந்து திரும்புகிற ஜனங்கள் காலித் தட்டுகளோடு அவனைக் கடந்து போனார்கள். யாரும் கை கொடுக்கவில்லை. யாரும் ஏனென்றும் கேட்கவில்லை.

ஏழாவது மூட்டையில் முழங்கால் மடங்கியது. சமாளித்து நின்றான். மூட்டையின் தையலிலிருந்து ஒரு வண்டு வெளியே வந்து, அவன் காலருக்குள் இறங்கி, முதுகில் நடந்தது. பிறகு இன்னொன்று. தட்டிவிட அவனுக்குக் கை எழவில்லை. அவற்றையும் சுமந்துகொண்டு நடந்தான். இன்னும் நாலு மூட்டை இருந்தது.